லூர்துவின் பெயரில் ஒரு மூளைப்படம்

அகழ்கலம் மருதம். மருத்துவப் பதிவு. எழுதுவது: மருத்துவர் செண்பகா.

மார்ச் 4, 07:10

விண்பாறை வெட்டும் இந்தக் கலத்தில் மூன்றே பேர்: கேப்டன் மாசானம், துளையிடும் லூர்து, நான். எல்லோருக்கும் இரத்த அழுத்தம் சரி. எனக்கு மட்டும் தலைவலி, லூர்து போட்ட காப்பியின் புண்ணியம்.

மார்ச் 6, 13:40

மாசானம் செத்துவிட்டார். சமையலறையில், ஸ்பேனரால், முகம் என்று ஒன்று மிஞ்சாத அளவுக்கு அடித்திருக்கிறான் பாவி. லூர்து உடலைக் கட்டிக்கொண்டு இரத்தத்தில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் அலறியது கலத்தின் ஒலிப்பதிவில் இருக்கிறது:

"டாக்டரம்மா, கிட்ட வராதிய! அதக் கீழ போடுங்க!"

என் கையில் இருந்தது மயக்க ஊசி. ஊசிக்குப் பயப்படுகிற கொலைகாரன்! மல்லுக்கட்டியதில் நாற்காலி, மேஜை, என் முன்பல் எல்லாம் உடைந்தன. ஊசியைக் கழுத்தில் குத்தி, கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டேன்.

மார்ச் 7, 09:00

மூளைப்படம் எடுத்தேன். ஸ்கேனருக்குள் மிருகமாகத் திமிறினான். ஆனாலும் அவன் பெயரில் தெளிவான படம் வந்துவிட்டது. இடது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னி ஒரு முடிச்சு. பிறவிக் கோளாறு. தமனியின் வேகம் முழுவதும் மெல்லிய சிரையில் மோதுகிறது. வெடித்தால் சாவு. அதுவரை வலிப்பு, வலிப்புக்குப் பின் வெறி. செய்தது எதுவும் நினைவிருக்காது.

அப்படியானால் இவன் நோயாளி. என் கோபம் பாதி இறங்கிவிட்டது. இருந்த வலிப்பு மருந்தையெல்லாம் அவனுக்கே ஏற்றினேன். தொடைத் தமனி வழியாகக் குழாயை மூளைக்கு அனுப்பி, முடிச்சைப் பசையால் அடைக்கப்போகிறேன்.

மார்ச் 7, 11:25

பசைக்கு முன் சாயம் செலுத்தினேன். திரையில் அவன் தமனிகள் அழகாகக் கிளைவிட்டு ஓடின. முடிச்சு இல்லை. எங்கேயும் இல்லை.

ஸ்கேனரின் சோதனைப் பந்து உடைந்ததிலிருந்து, தினமும் காலையில் என் தலையை வைத்துத்தான் ஸ்கேனரைச் சரிபார்க்கிறேன். பச்சை விளக்கு எரிந்தால் போதும், அந்தப் படத்தை நான் திறந்துகூடப் பார்ப்பதில்லை. லூர்து திமிறியதால் அவன் படம் பதிவாகவில்லை. அவன் பெயரில் காலையில் எடுத்த படம் நின்றுவிட்டது.

அது என் தலை. லூர்து பயந்தது ஊசிக்கு அல்ல, எனக்கு. மாசானத்தை அடித்தது நான்.

மார்ச் 7, 12:05

குழாயை உருவி, தொடையில் கட்டுப்போட்டு, லூர்துவை அவிழ்த்துவிட்டேன். என்னை மருத்துவ அறையில் வைத்து வெளியிலிருந்து பூட்டச் சொன்னேன். மருந்து ஒரு சொட்டு மிச்சமில்லை. அழைத்திருக்கும் மீட்புக்கலம் வரும்வரை இவன் உயிரோடு இருக்கவேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம். நான் கெஞ்சினாலும் செத்தாலும் திறக்காதே என்று கத்தினேன். ஒலிபெருக்கியில் அழுகிறான்:

"நீங்க வேணும்னு செய்யலயே டாக்டரம்மா. தண்ணி இல்லாம எப்படிக் கெடப்பிய?"

முட்டாள். இரக்கம் இவனைக் கொன்றுவிடும்.

மார்ச் 7, 15:30

வலது பக்கம் தெரியவில்லை. வாயில் இரும்புச் சுவை. சொற்கள் நழுவுகின்

மார்ச் 7

தலை தெளிந்துவிட்டது. நன்றாக இருக்கிறேன். கண்ணாடி அலமாரி நொறுங்கிக் கிடக்கிறது. கதவெல்லாம் இரத்தம், என் நகங்களைக் காணோம். நான் என்ன கேட்டேன் என்று தெரியவில்லை. அவன் பதில் மட்டும் கேட்கிறது:

"அழாதிய டாக்டரம்மா. தண்ணி கொண்டு வாரேன்."

கையில் ஆக்சிஜன் உருளை. எப்போது கழற்றினேன்?

பூட்டு திரும்புகிறது. லூர்து, திறக்கா