பல்லில் நெறுநெறுத்த மண்

18 ஜனவரி 1983, செவ்வாய்

பனி. ஜீப் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து டிரைவர் ரத்தினத்துக்கு அலுத்துப்போனது. தவளக்குப்பத்திலிருந்து உள்ளே, தனக்கோடி அம்மாள் நிலம். மண் சர்வே, குழி எண் 5. முனுசாமி நேற்றே வெட்டி வைத்திருந்தார், ஆள் மறையும் ஆழம். ஆனால் வெட்டிய மண்ணை வெயில் படும் பக்கத்திலேயே கொட்டியிருக்கிறார். அந்தப் பக்கத்தைத்தான் பார்த்து எழுத வேண்டும் என்று எத்தனை தடவை சொல்வது. பாதி காலை அதை வாரித் தள்ளுவதிலேயே போயிற்று.

கத்தியால் குழிச் சுவரைச் செதுக்கிவிட்டு, மேலிருந்து அடுக்கு அடுக்காக எழுதியது:
1. பழுப்பு. மணல் கலந்தது. நெல் வேர் நிறைய.
2. கருஞ்சாம்பல். களி. காய்ந்தால் வெடிக்கும்.
3. சாம்பல், துருப் புள்ளிகளுடன். தண்ணீர் நின்று வடியும் இடம்.
4. மணல், கிளிஞ்சல் துண்டுகள். ஆசிட் விட்டால் நுரைக்கிறது.

மூன்றாவதை வழக்கம்போல முன்பல்லில் வைத்துக் கடித்தேன். நெறுநெறுத்தால் மணல், வழுக்கினால் களி, உப்பு இருந்தால் நாக்கே சொல்லிவிடும். புத்தகத்தில் இல்லாத பரீட்சை. சர்வேயில் எல்லாரும் செய்வதுதான். கடித்துவிட்டுத் துப்ப வேண்டும்.

இன்று துப்பவில்லை. விழுங்கினேன். இன்னொரு கட்டி எடுத்தேன். அதையும்.

உப்பு இல்லை என்று எழுதினேன். தனக்கோடி அம்மாள் வரப்பில் நின்று, "கரும்பு போடலாமா கூடாதா, அத மட்டும் சொல்லு" என்றாள். "போடலாம்மா, உப்பு இல்ல" என்றேன். என் வாயையே பார்த்தாள். கிளம்பும்போது முந்தானையிலிருந்து இரண்டு புளியங்காய் எடுத்துக் கையில் திணித்தாள்.

ராத்திரி சாப்பாட்டில் என் கணவர், "இன்னா, உப்ப கொட்டிட்டியா சாம்பார்ல?" என்றார். என் நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. சோப்பு தீர்ந்துவிட்டது.

20 ஜனவரி, வியாழன்

வெயில். பொங்கலுக்கு முன்பே தீட்டு வந்திருக்க வேண்டும். இன்னும் வரவில்லை.

யாருக்கும் சொல்லப் போவதில்லை. முதல் தடவை உண்டானபோது அவர் மில்லிலிருந்து சைக்கிளில் பறந்து போய்த் தன் அம்மாவிடம் சொன்னார், அத்தை உழவர்கரை முழுக்க சர்க்கரை கொடுத்தாள். மூன்றாம் மாதம் முடிவதற்குள் போயிற்று. இரண்டாவதும் அப்படியே. இரண்டு தடவையும் முந்தின நாள் குமட்டல் சட்டென்று நின்றது, வாய் ருசி திரும்பியது. நன்றாகிவிட்டது என்று நினைத்து மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சர்க்கரை தின்ற அதே வாய்கள்.

ஆபீசிலும் சொல்ல முடியாது. இங்கே குழியில் இறங்கும் பெண் நான் ஒருத்திதான். சேர்ந்த வருடம் முழுக்க மேப்புக்கு வர்ணம் தீட்ட உட்கார வைத்திருந்தார்கள். சண்டை போட்டு வெளியே வந்தேன். தெரிந்தால் மறுநாளே மறுபடி பிரஷ்.

27 ஜனவரி, வியாழன்

லேபுக்கு அனுப்ப மண் பைகளைக் கட்டினேன். மூன்றாம் அடுக்குப் பை இளைத்திருந்தது. இளைத்த காரணம் எனக்குத் தெரியும். வெட்கமாக இருக்கிறது, நிறுத்தவும் முடியவில்லை. ஈர மண் வாசனை வந்தால் வாயில் எச்சில் ஊறுகிறது. சோற்றைப் பார்த்தால் எழுந்து ஓடத் தோன்றுகிறது.

வீட்டுச் சொந்தக்காரர் சொல்தா தாத்தா ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக எங்கெங்கோ போய் வந்தவர். "போன்ழூர் மதாம், ரோசா வேணுமா?" என்றார். ரோஜாவை யார் பார்த்தது. தொட்டி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

4 பிப்ரவரி, வெள்ளி

லீவு போட்டு, தனியாகப் பிரசவ ஆஸ்பத்திரி. அவரிடம் பெரிய மார்க்கெட் போவதாகச் சொன்னேன். டாக்டரம்மா பழைய சீட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"மண்ணு திங்கிறியா?"

"சர்வே வேலைம்மா. டெஸ்ட் பண்ணுவோம்."

"டெஸ்ட்டு போதும். ரத்தம் கம்மியா இருக்கு. இரும்பு மாத்திர சாப்புடு. குலுங்குற வண்டி ஆவாது. மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வா."

பொய்யை நிரப்பக் கத்தரிக்காய் வாங்கி வந்தேன். எல்லாம் சொத்தை.

14 பிப்ரவரி, திங்கள்

லேப் ரிசல்ட் வந்தது. குழி 5, மூன்றாம் அடுக்கு: உப்பு அதிகம். நான் எழுதியது: உப்பு இல்லை. ஆபீசர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பை மாத்திக் கட்டிட்டீங்களா?"

"இல்ல சார்."

"அப்போ லேபு பொய் சொல்லுதா? நாளைக்கு நானே வரேன். மறுபடி எறங்கிப் பாருங்க."

மேஜைக்கு வந்ததும்தான் அந்தச் சாம்பார் ஞாபகம் வந்தது. நாக்கு செத்துக் கிடந்திருக்கிறது. நிறம், களி, வேர் எல்லாம் சரி. நாக்கு மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. இதை எப்படி சாரிடம் சொல்வது? ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். உட்கார முடியவில்லை. வராந்தாவில் நடந்த நடையைப் பார்த்து பியூன் முறைத்தான்.

15 பிப்ரவரி, செவ்வாய்

மேகம். ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். ரத்தினம் ஓரக்கண்ணால் பார்த்தார்.

குழி ஓரத்தில் செருப்பைக் கழற்றினேன். தனக்கோடி அம்மாள் குறுக்கே வந்து நின்றுவிட்டாள்.

"எறங்காத."

"ஏம்மா?"

"புள்ளத்தாச்சி வெட்டுன குழியில எறங்கக் கூடாது. உனக்கும் ஆவாது, என் நெலத்துக்கும் ஆவாது. அன்னிக்கே பாத்தேன், மண்ண முழுங்குன. தெரியாம எறங்கிட்டன்னு வுட்டேன். இன்னிக்கு வுட மாட்டேன்."

ஆபீசர் இருமினார். முனுசாமி கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரத்தினம் மட்டும் சிரித்தார். எனக்குக் காது எரிந்தது. ஒரு மாதமாகப் பொத்தி வைத்ததை ஒரே வாக்கியத்தில் வரப்பில் கொட்டிவிட்டாள். கோபத்தில் அழுகை வந்தது.

முனுசாமி இறங்கிச் சுரண்டினார், ஆபீசர் மேலே நின்று குனிந்து பார்த்து, "ஒண்ணும் மாத்தமில்ல, நீங்க எழுதினாப்பலதான் இருக்கு" என்றார். உப்பை லேபே சொல்லட்டும் என்று புதுப் பை கட்டினோம். திரும்பும் வழியில் சொன்னார்: "இனிமே பீல்டு வேணாம்மா. மேப்புக்குக் கலர் அடிங்க."

16 பிப்ரவரி, புதன்

சேதி ரத்தினம் வீட்டிலிருந்து தெருக்குழாய்க்கு, தெருக்குழாயிலிருந்து மில் கேட்டுக்குப் போய்விட்டது. ஷிப்ட் முடிந்து அவர் வந்து சைக்கிளை நிறுத்தாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல."

"ரெண்டு தடவ சொன்னோம். ரெண்டு தடவையும் போச்சு."

"சொன்னதாலயா போச்சு?"

அவர் முகம் அப்படி வாடிப் பார்த்ததில்லை. நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் மறைத்தேன், அவரைத் தனியாக விட்டுவிட்டேன் என்று இப்போதுதான் உறைக்கிறது. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, "அம்மாகிட்ட நான் சொல்லல. மூணு மாசம் முடியட்டும்" என்றார். சாப்பிட்ட தட்டை அவரே கழுவினார், என் தட்டையும் சேர்த்து.

22 பிப்ரவரி, செவ்வாய்

பச்சை: நன்செய். மஞ்சள்: புன்செய். ஊதா: உவர். நாள் முழுக்க பிரஷ். ஜன்னல் வழியாக ஜீப் போவதைப் பார்த்தேன். குழி 6 யாரோ எழுதுகிறார்கள். வெயில் பட்ட பக்கத்தைத்தான் எழுதுகிறார்களா, கடவுளுக்கே வெளிச்சம். வர்ணத்தில் தண்ணீர் அதிகமாகி, பச்சை எல்லை தாண்டி ஓடிற்று. துடைக்காமல் விட்டேன்.

குமட்டல் இருக்கிறது. நல்லது. காலையில் எழுந்ததும் அது இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

1 மார்ச், செவ்வாய்

குழி 5-இன் புதுப் பைகள் லேபுக்குப் போக என் மேஜைக்கு வந்தன. கை சும்மா இருக்கவில்லை. மூன்றாம் அடுக்கில் ஒரு துணுக்கு, முன்பல்லில்.

உப்பு. கரித்தது. நல்ல உப்பு.

துப்பினேன். டிபன் பாக்ஸைத் திறந்து ஊறுகாயைத் தொட்டு நக்கினேன். உறைத்தது, புளித்தது, எல்லாம் தெரிந்தது. காலையில் குமட்டவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டிபன் பாக்ஸை அப்படியே மூடினேன்.

அரை நாள் லீவு. ஜீப் கொடுப்பதாக ஆபீசரே சொன்னார். வேண்டாம் என்று நடந்தே வீட்டுக்கு வந்தேன், ஒவ்வொரு அடியாக, தலையில் குடம் இருப்பதுபோல. படுத்திருக்கிறேன். அவருக்குச் சொல்லி அனுப்பினேன். இந்தத் தடவை முதலில் அவருக்கு. மீன் குழம்பு வாசனை எங்கிருந்தோ வருகிறது, பசிக்கிறது, பசிக்கிறதே என்று பயமாக இருக்கிறது.

2 மார்ச், புதன்

விடிந்ததும் ரிக்‌ஷாவில். அவர் கூடவே நடந்து வந்தார், பள்ளம் வந்தால் ரிக்‌ஷாக்காரரிடம் கத்திக்கொண்டு. டாக்டரம்மா வயிற்றில் கை வைக்கும் முன்பே நான் அழ ஆரம்பித்தேன். "வாய் ருசி வந்துடுச்சும்மா. குமட்டவே இல்ல. ரெண்டு தடவையும் இப்படித்தான்."

அழுத்திப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பிடித்து இழுத்து, என் விரல்களையே அடிவயிற்றில் வைத்து அமுக்கினார். எலும்புக்குச் சற்று மேலே, உள்ளே, கெட்டியாக, உருண்டையாக ஒன்று.

"தட்டுப்படுதா? கர்ப்பப்பை மேல ஏறி வந்திருக்கு. நல்லாத்தான் இருக்கு."

"ஆனா மசக்கை நின்னுடுச்சே."

"மூணு மாசம் முடிஞ்சா எல்லாருக்கும் நிக்கும்மா. யாரும் சொல்லலயா உனக்கு?"

யார் சொல்வார்கள். நான் இதுவரை வந்ததே இல்லையே, இந்த இடத்துக்கு.

வெளியே பெஞ்சில் அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டு அவர் அழுதார்.

தனக்கோடி அம்மாளுக்கு ரத்தினத்திடம் சொல்லியனுப்ப வேண்டும், கரும்பு வேண்டாம் என்று. இரும்பு மாத்திரையும் வாங்க வேண்டும்.

குழி 5, அடுக்கு 3: உப்பு உண்டு. திருத்தினேன்.