படிக்கட்டடி வால்வு

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய துப்பறியும் நாவல்கள் மூன்றும் வந்து சேர்ந்தன. மூன்றிலும் கொலைகாரனை நாற்பதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு விளங்கியது அந்தப் பெரிய துப்பறிவாளர்களுக்கு இருநூறு பக்கம் கழித்துத்தான் விளங்குகிறது. அடுத்த முறை கொஞ்சம் கெட்டிக்காரர்களாகப் பார்த்து அனுப்பு.

இந்தக் கடிதத்தைப் பற்றி இங்கே போனில் ஒரு வார்த்தை பேசாதே. உன் அம்மா போனை ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவாள், உன் சின்ன மாமா மாடியிலிருந்தே குறுக்கே பதில் சொல்வான் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

முதலில் என் வழக்கைச் சொல்கிறேன். என்னை இந்த வீட்டிலிருந்து வெளியேற்றப் பார்த்தார்கள்.

படிக்கட்டுக்கு அடியில் ஒரு வால்வு இருக்கிறதே, நீ சின்ன வயதில் ஒளிந்து விளையாடும் இடத்தில். அதைத் திறந்தால் மாடித் தொட்டித் தண்ணீர் பின்பக்கத்துச் சிமெண்டுத் தொட்டிக்கு வரும். நிறைந்ததும் மூட வேண்டும். மூடாவிட்டால் வழிந்து நடைக்கு வரும், நடையிலிருந்து முன்னறைக்குப் போகும். அந்தத் தொட்டியைப் புழங்குகிறவன் நான் ஒருவன்தான். செடிகளுக்கும் என் கருவிகளைக் கழுவவும் மாலையில் திறப்பேன். போன மாதம் மூன்று நாள் காலையில் தண்ணீர் வழிந்தது. மூன்றாம் முறை உன் சின்ன மாமா புதிதாகப் போட்ட மரத்தரை அப்பளம் போல் எழும்பிவிட்டது. குற்றவாளி யார் என்று யாரும் தேடவே இல்லை. நான்தான் என்று முடிவாகிவிட்டது.

தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற உன் சின்ன மாமாவுக்கு வீட்டையும் பள்ளிக்கூடமாக நடத்தத்தான் தெரியும். சாப்பாட்டு மேஜையில் மணி வைத்திருக்கிறான். சுவரில் அறிவிப்பு ஒட்டுகிறான், வரிசை எண் போட்டு. பதினான்காம் அறிவிப்பு: 'வால்வைத் தொடுபவர் என்னிடம் சொல்லிவிட்டுத் தொடவும்.' அவன் பிறப்பதற்கு முன்பே நான் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்.

அவன் மனைவி, உன் அத்தை, அவனுக்கு மேல். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து நான் மறந்ததையெல்லாம் தேதி போட்டு எழுதி வந்திருக்கிறாள். சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டியது, இஸ்திரிப்பெட்டியை அணைக்காமல் விட்டது, வாசல் கதவைத் திறந்து போட்டது என்று மொத்தம் பதினேழு. நான் கேட்டு வாங்கிப் படித்தேன். அதில் ஆறு என்னுடையவை. அந்த ஆறையும் நான் மறுக்கவில்லை. மீதிப் பதினொன்றையும் நான் செய்யவில்லை என்று சொன்னேன். உன் அத்தை, "மறந்தவங்களுக்கு மறந்தது ஞாபகம் இருக்குமா மாமா?" என்று கேட்டு, அதையும் பதினெட்டாவதாக எழுதிக்கொண்டாள்.

எல்லோரையும்விட அதிகம் சத்தம் போட்டது என் அக்கா, உன் அம்மாதான். "இவனை வச்சுக்கிட்டு ஒரு நாள் இந்த வீடே மிதக்கப் போகுது. அனுப்பிடு" என்றாள். உன் சின்ன மாமா முதியோர் இல்லத்தின் வண்ணப்படத் தாளை என் முன்னால் விரித்து, "தோட்டம் இருக்கு, வாராவாரம் டாக்டர் வர்றார், கேரம் போர்டுகூட இருக்குண்ணே" என்றான். உடனே உன் அம்மா, "கேரம் போர்டையும் கழட்டிப் பார்ப்பான் இவன்" என்றாள். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எட்டு வயதில் ஒரு குழாயைக் கழற்றியதற்கு என்னை அறைந்தவள் அவள். அந்தக் குழாயை அன்று சாயங்காலமே நான் மாட்டிவிட்டேன், முன்னைவிட நன்றாக. அதை இன்றுவரை அவள் ஒப்புக்கொண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன்னறையில் கூடி முடிவு செய்வது என்று உன் சின்ன மாமா அறிவிப்பு ஒட்டினான். எனக்கு அது வசதியாகப் போயிற்று. உன் நாவல்களில் கடைசியில் எல்லோரையும் ஒரே அறையில் கூட்டித்தானே உண்மையைச் சொல்கிறார்கள்?

என்னிடம் ஆதாரம் இருந்தது. நான் யாரிடமும் பிளம்பர் தொழில் கற்கவில்லை. கழற்றி, மாட்டி, கை கிழிந்து கற்றது. அப்படிக் கற்ற ஒரு பழக்கம்: எந்த வால்வையும் முழுக்கத் திறந்த பிறகு கால் சுற்று பின்னால் திருப்பி விடுவேன். முட்டத் திறந்து அப்படியே விட்டால் பித்தளை கடித்துக்கொள்ளும், பிறகு திரும்பாது. ஐம்பது வருடமாக என் கை அதைத் தானாகச் செய்கிறது. தண்ணீர் வழிந்த மூன்று நாளும் நான் ஓடிப்போய் மூடப் பார்த்தபோது வால்வின் சக்கரம் கடைசிவரை முட்டி இறுகிக் கிடந்தது. பைப் ரெஞ்ச் போட்டுத்தான் அசைக்க முடிந்தது. திறந்தது என் கை இல்லை.

இதைச் சொன்னபோது உன் சின்ன மாமா, "நீங்க கால் சுத்து சுத்தினீங்களா, முழு சுத்து சுத்தினீங்களான்னு உங்களுக்கே ஞாபகம் இருக்காண்ணே?" என்றான். அவனோடு பேசிப் பயனில்லை என்று விட்டேன்.

சனிக்கிழமை மாலை சக்கரத்தின் அடிப்பக்கத்தில் கறுப்பு கிரீஸ் தடவி வைத்தேன். அது சோப்புக்குப் போகாது. நகக்கண்ணில் இரண்டு நாள் நிற்கும், மண்ணெண்ணெயால் துடைத்தால்தான் போகும். ஞாயிறு காலை ஆறரைக்குப் போய்ப் பார்த்தேன். வால்வு திறந்திருந்தது, முட்ட முட்ட. தொட்டி விளிம்பைத் தொடும் நேரத்தில் மூடிவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை.

யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உன் அத்தைதான். நோட்டுப் புத்தகம் நிறைய வேண்டுமே! என் அறையைக் காலி செய்து அங்கே துணி உலர்த்தும் இடம் வைக்க வேண்டும் என்று அவள் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காரணமும் இருந்தது, வாய்ப்பும் இருந்தது.

பத்து மணிக்குச் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மண்ணெண்ணெய் நனைத்த துணியைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். மணியடித்தான். அவன் வாய் திறக்கும் முன் நான் எழுந்தேன். "எல்லாரும் கையை மேஜை மேல வைங்க. உள்ளங்கை மேல பார்க்கட்டும்" என்றேன். உன் சின்ன மாமா, "என்ன வேடிக்கை இது?" என்றான். உன் அத்தை வைத்தாள். சுத்தமான கை. திருப்பிப் பார்த்தேன், நகத்தையும் பார்த்தேன். சுத்தம். என் கணக்கு தவறு என்று சொல்லமாட்டேன், அவசரப்பட்டுவிட்டேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்.

அதற்குள் உன் அம்மா, "இந்தாடா, என் கையையும் பாரு, பெரிய போலீஸ்காரா" என்று நீட்டினாள்.

விரல் மடிப்பிலும் நகக்கண்ணிலும் கறுப்பு.

மருமகளே, அவள் மூடிய டப்பாவை இந்த வீட்டில் வேறு யாராலும் திறக்க முடியாது. உன் அத்தை எத்தனை முறை அதைச் சொல்லி என்னிடம் டப்பாவைக் கொடுத்திருக்கிறாள். எதையும் முட்ட முட்டத் திருகுவதுதான் அவள் கை. அந்த இறுக்கத்தை மூன்று முறை ரெஞ்ச் போட்டு அசைத்தவன் நான், அடையாளம் தெரியாமல் இருந்துவிட்டேன்.

ஜெயித்தேன் என்று வாயைத் திறந்தேன். அப்போது அவள் தன் கையையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "டேய், இது எப்படிடா வந்துச்சு?" என்றாள்.

எனக்கு எழுபத்தோரு வயது. இத்தனை வருடத்தில் அவள் எனக்கு உத்தரவுதான் போட்டிருக்கிறாள். என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் முறை. அவள் நடிக்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

பையிலிருந்த துணியை எடுத்து அவள் விரல்களைத் துடைத்தேன். "நான் மேஜை மேல வச்சிருந்த கிரீஸ்ல நீ கையை வச்சுட்டக்கா" என்றேன். பிறகு எல்லோரையும் பார்த்து, வால்வின் கழுத்து தேய்ந்துவிட்டது, மேல்தொட்டி நிறைந்தால் அழுத்தத்தில் தானாக நழுவித் திறக்கிறது, இதுதான் நான் கண்டுபிடித்தது என்று அறிவித்தேன். "வால்வு எப்படிண்ணே தானாத் திறக்கும்?" என்று உன் சின்ன மாமா கேட்டான். "நீ கணக்கு வாத்தியார், நான் பிளம்பர். நான் உன் கணக்கைத் திருத்தினேனா?" என்றேன். உன் அத்தை நோட்டை மூடிவிட்டாள். ஒரு மாதம் பார்ப்போம், இன்னொரு முறை தண்ணீர் வந்தால் அண்ணன் இல்லத்துக்குப் போக வேண்டியதுதான் என்று தலைமையாசிரியர் தீர்ப்புச் சொன்னார்.

என் தொழிலில் நான் சொன்ன முதல் பொய் அது. வால்வு ஒருநாளும் தானாகத் திறக்காது.

திங்கட்கிழமை காலை படிக்கட்டுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு அவள் வந்தாள். தலை வாரி, முகம் கழுவி, எங்கோ வேலைக்குக் கிளம்புகிறவள் போல. நேராகப் போய்த் திறந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னும் என்னடா உக்காந்திருக்க? அப்பா குளிக்க வரப் போறார், எழுந்திரு" என்றாள். எங்கள் அப்பா போய் நாற்பத்திரண்டு வருடம் ஆகிறது. அவர் இருந்தவரை காலையில் அந்தத் தொட்டியை நிரப்புவது அவள் வேலை. ஒரு நாள்கூடத் தவறியதில்லை. தொட்டி நிறைந்ததும் நான் மூடிவிட்டேன்; பத்து நிமிடம் கழித்து வந்து, தொட்டியடியில் ஏன் ஈரம், என்ன கண்றாவி என்று என்னைத் திட்டினாள். பழையபடி சரியாகத்தான் திட்டினாள்.

இப்போது நிலைமை இது. சக்கரத்தைக் கழற்றி என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். காலையில் ஐந்தே முக்காலுக்கு மாட்டுகிறேன். அவள் வந்து திறக்கிறாள். நான் உட்கார்ந்திருக்கிறேன். தொட்டி நிறைந்ததும் மூடிக் கழற்றிவிடுகிறேன். கழற்றியே வைத்துவிடலாமே என்று நீ கேட்பாய். ஒரு நாள் அப்படிச் செய்து பார்த்தேன். இருக்க வேண்டிய இடத்தில் சக்கரம் இல்லாமல் அவள் வெறும் தண்டைப் பிடித்துத் திருகிக்கொண்டு நின்றதை இரண்டாம் முறை பார்க்க எனக்கு விருப்பமில்லை. அடுப்பையும் இஸ்திரிப்பெட்டியையும் நானே பார்த்துக்கொள்கிறேன். நோட்டில் என் பெயரில் இருந்த பதினொன்றும் அவளுடையவை என்பது உனக்கு இதற்குள் புரிந்திருக்கும்.

உன் சின்ன மாமாவுக்குத் தெரிந்தால் அந்த வண்ணப்படத் தாளை மறுபடி விரிப்பான், இந்த முறை அவள் முன்னால். கெட்டவன் இல்லை, விதிமுறைக்காரன். எத்தனை நாள் என்னால் மறைக்க முடியும் என்று கேட்காதே. என் கை நன்றாகத்தான் இருக்கிறது. முழங்கால்தான் சில நாள் ஐந்தே முக்காலுக்கு எழ மறுக்கிறது.

அதனால் நீ வர வேண்டும், இந்த மாதத்துக்குள். அம்மாவைப் பார்க்க வந்தேன் என்று சொல்லாதே, ஏன் எதற்கு என்று குடைவாள். மாமாவுக்கு மறதி வந்துவிட்டதாம், டாக்டரிடம் காட்ட வந்தேன் என்று சொல். எல்லோர் முன்னாலும் சொல், நான் மறுத்துப் பேசமாட்டேன். துணைக்கு அவளையும் கூப்பிடு. என்னைப் பற்றி டாக்டரிடம் குறை சொல்வதற்காகவே முதல் ஆளாகக் கிளம்பி நிற்பாள். உள்ளே போனதும் யாரை முதலில் பரிசோதிப்பது என்று நீ டாக்டரிடம் சொல்லிக்கொள்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட நாள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு நன்றாக இருங்கள். சீக்கிரம் வா, போனில் அம்மா இன்னும் உன்னை உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.

என்றும் உன் நலம் நாடும்,
பெரிய மாமா