வூட்டில் இருந்த எழுத்து

என் அருமை அண்ணனுக்கு,

நீ போய் மூன்று மாதம். நம் டைப்பிங் கடையைத் திறந்துகொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் நம் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. மெக்கானிக் வந்து சி டிரைவை முழுதாக அழித்துப் புதிதாக ஓ.எஸ். ஏற்றிக் கொடுத்தார். டி டிரைவில் உன் ஃபைல்கள் பத்திரம். ஆனால் நீ போட்டுவைத்த சாஃப்ட்வேர் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நேற்று முதல் பஸ்ஸில் கல்வராயன் மலையிலிருந்து செல்வி வந்தாள். அவளுடைய சாதிச் சான்றிதழுக்காக நீ மலையேறி, பெரியவர்களிடம் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டு மனு அடித்துவைத்தாயே, அவள்தான். அதை அச்செடுக்குமுன் நீ போய்விட்டாய். மூன்று மணிக்குள் அதைத் தாலுகா ஆபீசில் கொடுக்காவிட்டால் நர்சிங் சீட்டு போய்விடும். ஃபைலைத் திறந்தால் தமிழே இல்லை, வெறும் கொக்கியும் கோடும். நீ ஏற்றிவைத்த தமிழ் ஃபான்ட் இல்லாமல் அதை யார் படிப்பது? வேறு கடையில் கேட்கலாமென்றால், இடஒதுக்கீட்டுப் போராட்டத்தால் கள்ளக்குறிச்சி பஜாரே அடைப்பு.

தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த அண்ணிக்குப் போன் போட்டேன்.

"சாஃப்ட்வேர்லாம் வூட்ல கீதுன்னு சொல்வாரு. வேற எதுவும் தெரியாதும்மா."

செல்வியைக் கடையில் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பீரோ, பரண், அரிசி டிரம்மைக்கூட விடவில்லை. ஒரு சிடி இல்லை. செத்தும் என்னை அலையவிடுகிறாயே என்று வாய்விட்டுத் திட்டினேன்.

திரும்பும்போது மணி இரண்டு. செல்வி ஸ்கிரீனையே எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க வூடுன்னு ஒண்ணு போட்டுக்கீதே, அது இன்னா?"

ஆங்கில எழுத்தில் இருந்ததால் ஏதோ இங்கிலீஷ் என்று டி டிரைவில் நான் தாண்டிப்போயிருந்த ஃபோல்டர். அண்ணி சொன்ன வூடு இதுதான். வீடு என்று சொல், வீடு என்று சொல் என்று உன்னை எத்தனை முறை திருத்தியிருப்பேன்! உள்ளே ஃபான்ட், கீபோர்டு, பிரிண்டருக்கு வேண்டியவை எல்லாம் இருந்தன. கூடவே ஒரு குறிப்பு. ஃபான்ட் போயிருந்தாலும் நான் படிக்க வேண்டுமென்று தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாய்.

"மொதல்ல ஃபான்ட்ட ஏத்து பாப்பா. அப்பால என்னத் திட்டு."

அதற்குள் நான் திட்டி முடித்திருந்தேன், அண்ணா.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மனு அச்சாகி வந்தது. தாத்தா பெயரை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு செல்வி ஓடினாள். மனுவை வாங்கிக்கொண்டார்கள். சான்றிதழ் கிடைக்குமா? தெரியவில்லை.

இன்று அந்த ஃபோல்டரை இரண்டு சிடியில் ஏற்றிவிட்டேன். சிடியின் மேலும் வூடு என்றே எழுதியிருக்கிறேன். இனி அதைத் திருத்த மாட்டேன், சத்தியம்.

முந்திக்கொண்டு திட்டிவிட்ட
உன் தங்கச்சி