உன் தேனீக்களைப் பற்றி அவர் சொன்ன பொய்

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே லாபமான என் நாத்தனார் மலர்விழிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் ஒரு மண்டபம் பிடித்து உன் படத்தைத் திறந்து வைத்தார்கள். மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகிறது. அதற்குள் உன்னைப் பாராட்ட இத்தனை பேர் கிளம்பிவிட்டார்கள். "ஈ பிடிக்கவா பொம்பளப்புள்ள மெட்ராஸ் போயி படிக்குது" என்று கேட்ட அதே வாய்கள்தான். பேனரில் உன் பெயருக்கு முன்னால் முனைவர் என்று வேறு போட்டிருந்தார்கள். நீ ஆய்வை முடிக்கும் முன்பே போய்விட்டாய் என்பதெல்லாம் அவர்களுக்கு எதற்கு?

தலைமை உன் பேராசிரியர். காரிலிருந்து இறங்கியதும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னங்க ஊர் இது, ஒரே சிமெண்ட் தூசி" என்றார். அந்தத் தூசியில் கல் சுமந்துதான் உன் அம்மா உன்னை அவரிடம் அனுப்பினார்.

பொன்னாடை போர்த்தியதும் பேச ஆரம்பித்தார். "எந்தத் தேனீ கூட்டுக்குள்ள இருக்கணும், எது வெளிய போகணும்னு அதது மூளையிலயே ஜீன் எழுதி வச்சிருக்கு. அதத்தான் மலர்விழி எங்கிட்ட ஆராய்ச்சி பண்ணினா. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பார்த்தா கூடு நல்லா இருக்கும். மனுஷக் கூட்டமும் அப்படித்தான்."

முதல் வரிசை கைதட்டியது. உன் தாத்தா யார் வயலில் பண்ணையாளாகக் கிடந்தாரோ, அவருடைய பேரன் எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினார். உன் அண்ணனும் தட்டினார். ஜீன் என்ற சொல் வந்தால் தட்ட வேண்டும் என்று நினைத்துவிட்டார் போல. என் புருஷனைப் பற்றி நான் வேறென்ன சொல்ல?

நீ செய்தது என்னவென்று எனக்குத் தெரியாதா? ஜெயங்கொண்டம் முந்திரித் தோப்பில், ஒரே வயதுக் குஞ்சுத் தேனீக்களை மட்டும் ஒரு பெட்டியில் விட்டாய். வழக்கமாக இளசுகள் உள்ளே புழுக்களுக்கு ஊட்டும், மூத்தவை வெளியே இரை தேடும். மூத்தவை இல்லாத கூட்டில் சில இளசுகள் வயது வரும் முன்பே வெளியே கிளம்பின. என் நகப்பாலிஷால் நீ பொட்டு வைத்த ஒன்று முந்திரிப் பூவில் உட்கார்ந்திருந்தது. "அண்ணி, யாரும் சொல்லாமலே வேலைக்குக் கெளம்பிட்டா பாருங்க" என்றாய்.

பிறகு அந்த மூளைகளை உறையவைத்து, மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்த்தாய். கிண்ணம் போன்ற பகுதியின் விளிம்புகளில் பெரிய நரம்புச் செல்கள், நடுவில் சின்னவை. நீ தேடிய மரபணு எல்லாச் செல்லிலும் இருந்தது. ஆனால் பெரியவற்றில் மட்டும்தான் விழித்திருந்தது. அதிலும், வெளியே பறந்த தேனீயில் பலமாக. அதே வயதில் உள்ளே இருந்ததில் மங்கலாக. பிறவி ஒன்றுதான். செய்கிற வேலையோடு சேர்ந்து மூளையும் மாறியது.

இதைத்தான் அந்த மனிதர் தலைகீழாக நிறுத்தினார். அறியாமை என்றால் விட்டுவிடலாம். நீ எடுத்த மூளைப் படங்களை ஊர் ஊராகக் காட்டிப் பேர் வாங்கியவருக்கு அறியாமை எங்கிருந்து வரும்? முதல் வரிசையின் முகம் பார்த்துப் பேசினார், அவ்வளவுதான்.

எழுந்துவிட்டேன். "சார், மலரு கண்டுபிடிச்சதுக்கு இது நேர்மாறுங்க."

"நீங்க யாரும்மா?"

"வேப்பந்தட்டையில விலங்கியல் டீச்சருங்க. அவளுக்கு அண்ணி."

சிரித்தார். "ஸ்கூல்ல பாடம் நடத்துறது வேற, ஆராய்ச்சி வேறம்மா."

"இருக்கட்டுங்க. ஒரே வயசு, ஒரே கூடு. வெளிய போனதுக்கு மட்டும் அந்த ஜீன் ஏன் சார் அதிகமா வேல செஞ்சிது?"

தண்ணீர் குடித்தார். விவாதத்துக்கு இது இடமில்லை என்றார். உன் அண்ணன் என் முந்தானையை இழுத்து, "உக்காரு, அசிங்கமா இருக்கு" என்றார். எது அசிங்கம் என்று இன்னும் அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அத்தை எழுந்தார். உன் அம்மாவுக்கு ஜீன் தெரியாது. ஆனால் 'மனுஷக் கூட்டமும் அப்படித்தான்' என்றது நன்றாகவே புரிந்திருந்தது. மேடையேறி, அந்த மனிதரைத் திரும்பியும் பார்க்காமல், மாலையைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு உன் படத்தைக் கையில் எடுத்தார்.

"நிகழ்ச்சி இன்னும் முடியலீங்கம்மா" என்று ஏற்பாட்டாளர் ஓடி வந்தார்.

"எம்பொண்ணுக்கு இங்க என்ன வேல? நாங்க போறோம்."

பஸ்ஸில் உன்னை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். உன் அண்ணன் பின்சீட்டில் உட்கார்ந்து ஊர் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

உனக்கு ஒரு செய்தி. தேனீயின் மரபணுக்கள் முழுவதையும் படித்துவிட்டார்களாம், வெளிநாட்டில். நீ இருந்திருந்தால் அந்தச் செய்தி வந்த அன்று வீட்டில் யாரையாவது பேச விட்டிருப்பாயா?

ஒன்று மட்டும் உறுதி, மலர். நான் ரிட்டயர் ஆகும்வரை, ஒவ்வொரு வருஷமும் பிளஸ் டூ வகுப்பில் உன் சோதனையை உன் பெயர் சொல்லி நடத்துவேன். அந்த மனிதரை மறந்துவிட மாட்டேன். ஒட்டுண்ணிகள் பாடம் வரும்போது சொல்லிக்கொள்கிறேன்.

என்றும் உன் அண்ணி,
பூங்கொடி