அடிபடக் கூடாத கல்

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

1. இக்கடிதத்தை எழுதுபவன் உன் உடன்பிறந்த அண்ணன், வயது ஐம்பத்தாறு, தொழில் வழக்கறிஞர்.

2. அரசு நிலவியல் அலுவலரான உன் அறிக்கையால் குன்றை வெடிவைத்து உடைக்க முடியாமல் நிற்கும் கல்குவாரி நிறுவனத்துக்குப் பத்தொன்பது ஆண்டுகளாகச் சட்ட ஆலோசகன்.

3. இரு தரப்பும் ஒப்புக்கொண்டதன் பேரில், நீ முத்திரையிட்டு அனுப்பிய கல், மரப்பெட்டியோடு என் அலுவலகப் பீரோவில் என் பொறுப்பில் இருக்கிறது.

இம்மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனி எழுதுவது அண்ணன் என்ற முறையில் மட்டுமே.

நேற்று கல்குவாரி மேலாளர் வந்திருந்தார். "ஏங்க வக்கீல் சார், உங்க தங்கச்சி சுண்ணாம்புச் சூளைக் கசடைப் பொறுக்கிட்டு வந்து அபூர்வக் கல்லுங்கிறாங்க. நாளைக்கு எங்க வீட்டு அடுப்புச் சாம்பலுக்கும் வேலி போடச் சொல்வாங்களா?" என்றார். நான் சிரிக்கவில்லை. ஆனால் அவர் பேச்சில் ஒரு சட்டப் பிடி இருக்கிறது. நீ லார்னைட் என்று பெயர் சொல்லும் அதே கால்சியம் சிலிக்கேட், சூளைக் கசடிலும் சிமெண்டிலும் உண்டு என்று உன் அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. குன்றில் கிடைத்ததல்ல, பழைய சூளை ஒன்றிலிருந்து நீயே எடுத்துவந்தாய் என்பது உன் துறைக்கு அவர்கள் கொடுத்திருக்கும் புகார்.

விசாரணைக் குழு இருபத்துநான்காம் தேதி கூடுகிறது. புகார் நிலைத்தால் உன் வேலை போய்விடும். நீ அறிக்கையைத் திரும்பப் பெற்றால் அவர்களும் புகாரைத் திரும்பப் பெறுவார்கள். அதற்கான கடிதத்தை நானே வரைந்து இணைத்திருக்கிறேன். "தவறு" என்ற சொல் எங்கும் வராதபடி பார்த்துக்கொண்டேன். கையெழுத்து மட்டும் போதும்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை.

இப்படிக்கு,
அன்புள்ள அண்ணன்

மார்ச் 7

அண்ணா,

நலம். உங்கள் மூன்று எண்களையும் படித்தேன். நான் முதல் எண்ணில் இருக்கிறேன், கல்குவாரி இரண்டாவதில்தான் இருக்கிறது என்பதில் கொஞ்சம் பெருமை.

வரைவு வெகு நேர்த்தி. அதை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அண்டை கொடுத்துவிட்டேன். இப்போது மேசை ஆடவில்லை. உங்கள் உழைப்பு வீண்போகவில்லை.

சூளையிலும் உண்டு என்று எழுதியது நான்தான். ஒளிக்க எதுவும் இல்லாதவள் அப்படித்தான் எழுதுவாள். அடுத்த பக்கத்தை மேலாளர் புரட்டவில்லையா? உருகிய பாறைக்குழம்பு சுண்ணாம்புப் பாறைக்குள் புகும் இடத்தில், ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூட்டில், மேலே பெரிய பாரம் அழுத்தாத ஆழத்தில் பூமி இதை உண்டாக்குகிறது. அப்புறம் தண்ணீர் தொட்டால் மெல்ல மெல்ல வேறொன்றாகிவிடும். அதனால்தான் உலகத்தில் சில இடங்களில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

உங்களிடம் இருக்கும் கல்லில் ஒரு பக்கம் கருப்பு எரிமலைப் பாறை. மறுபக்கம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் லார்னைட். மூன்றும் ஒரே கல். எந்தச் சூளைக்காரன் அதைச் செய்வான்? குன்றைச் சுற்றி வேலி போட்டு என்னை உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். மற்ற துண்டுகளைச் சோதனைக்கு அறுத்தாகிவிட்டது. அந்த ஒன்றுதான் மிச்சம். குழு அதைக் கண்ணால் பார்த்தால் போதும். பெட்டிமேல் எழுதியிருக்கிறேன், கவனியுங்கள்: அடிபடக் கூடாது.

வேலை போனால் போகட்டும். பாறையைப் பார்க்க இரண்டு கண் இருக்கிறது, நடக்க ஒன்றரை முழங்கால் இருக்கிறது.

இப்படிக்கு,
மடங்காத தங்கை

மார்ச் 15

அன்புள்ள தங்கைக்கு,

ஒரு செய்தி. பதற்றப்பட வேண்டாம்.

நிறுவனம் தனக்கும் ஒரு மாதிரி வேண்டுமென எழுத்துமூலம் கோரியதை ஒட்டி, பன்னிரண்டாம் தேதி பிற்பகல் பெட்டி திறக்கப்பட்டது. மாலைக்குள் நடுப்பகுதி பொடி நிலையில் காணப்பட்டது. கருப்புத் துண்டும் வெள்ளைத் துண்டும் தனித்தனியே உள்ளன. குழுவுக்கும் இவ்வாறே குறிப்பு அனுப்பியுள்ளேன். பொடியை ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு முத்திரை வைத்திருக்கிறேன்.

"பார்த்தீங்களா, வெறும் சுண்ணாம்புத் தூள்" என்கிறார் மேலாளர். நான் மறுத்துப் பேசவில்லை. என் நிலையில் பேசவும் கூடாது. சான்று கையில் இல்லாதபோது கையெழுத்திடுவதே விவேகம். வரைவின் இன்னொரு பிரதியை இணைத்திருக்கிறேன். இதையாவது மேசைக்கு மேலே வைத்துப் படி.

இப்படிக்கு,
அன்புள்ள அண்ணன்

மார்ச் 18

அண்ணா,

லார்னைட்டைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெருஞ்சூட்டில் பிறந்த உருவத்தை ஆறிய பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற கல் அது. சூடு தணிந்ததும் மாறியிருக்க வேண்டும். மாறாமல் காலம் காலமாக நிற்கிறது. ஓங்கி ஓர் அடி விழுந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். உள்ளமைப்பு மாறும், பருமன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடும், இடம் போதாமல் தன்னைத் தானே நொறுக்கிப் பொடியாகும். ஈரத்தால் கெடுவதற்கு மாதக்கணக்கு வேண்டும். ஒரே பிற்பகலில் பொடியானது என்றால் அடி விழுந்திருக்கிறது.

யார் அடித்தது?

உங்கள் குறிப்பைக் குழு எனக்கும் அனுப்பியது. அதில் ஒரு பொய்கூட இல்லை. சின்ன வயதில் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மிதித்துவிட்டு, "அப்பா, உங்க கண்ணாடி தரையில இருக்கு" என்று போய்ச் சொன்னீர்களே, அதே ஆள்தான் இதையும் எழுதியிருக்கிறார்.

இருபத்துநான்காம் தேதி வெறுங்கையோடு போவேன். கையெழுத்து மட்டும் போட மாட்டேன். என் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் இனி எனக்கு அண்ணன் கடிதம் வேண்டாம். வக்கீல் நோட்டீஸே அனுப்புங்கள்.

தங்கை

மார்ச் 22

அன்புள்ள தங்கைக்கு,

நான்தான் அடிக்கச் சொன்னேன்.

இரு தரப்புக்கும் ஆளுக்குப் பாதி கொடுத்துவிட்டால் பிற்பாடு ஒருவரும் குறைசொல்ல இடமிருக்காது என்று கருதினேன். பாகப்பிரிவினைக்கு நிலம் அளப்பதுபோல் அளவுகோல் வைத்து, மூன்று நிறமும் இரு பக்கமும் வரும்படி கல்லின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டேன். நீ பெட்டிமேல் எழுதியிருந்ததைப் படித்தேன். பீங்கான் சாமான் பெட்டியில் எழுதும் எச்சரிக்கை போன்றது என்று எடுத்துக்கொண்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு தரப்பை மட்டும் கேட்பது முறையல்ல என்று கேட்காமல் இருந்தேன்.

அடுத்த கட்டிடத்தில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரை அழைத்தேன். அவர் கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதுல ஒட்டே இல்ல. மூணு நிறமும் ஒண்ணாவே விளைஞ்சிருக்கு. இதையா உடைக்கச் சொல்றீங்க?" என்றார். "கோட்டு மேல அடிங்க" என்றேன். ஒரே அடி. கல் கோட்டின் வழியே பிளக்காமல், நடுப்பட்டையெங்கும் மயிரிழையாய் விரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதிரத் தொடங்கியது. "ஐயோ சார், மாவாப் போகுதே!" என்று என் அலுவலகத் தட்டச்சர் அம்மாள் இரண்டு கையையும் ஏந்தினார். விரலிடுக்கில் கொட்டியது. பிறகு நான் உட்கார்ந்து, அடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத அந்தக் குறிப்பை அவரிடமே சொல்லி அடிக்க வைத்தேன்.

நேற்று மேலாளரிடம் இதை எழுத்தில் தரப்போவதாகச் சொன்னேன். "அந்த நோட்டே போதும் சார். அடிச்ச கதையெல்லாம் எதுக்கு? பத்தொன்பது வருஷப் பழக்கம் நமக்குள்ள" என்றார். "அவ எனக்கு அம்பத்தோரு வருஷமா தங்கச்சி" என்றேன். அவருடைய கோப்புகளை எல்லாம் கட்டி, அவர் காரிலேயே ஏற்றிவிட்டேன்.

இன்று குழுவிடம் அளித்த வாக்குமூலத்தின் பிரதி கீழே. உன்னிடம் தனியே கேட்க வேண்டிய மன்னிப்பைத் தாளில் கேட்கப் போவதில்லை, நேரில் வருகிறேன்.

வாக்குமூலம்

1. மேற்படி கல்லை உடைக்கச் சொன்னவன் நானே. அது தானாக உதிரவில்லை.

2. உடைக்கும் முன் கருப்பு, சாம்பல், வெள்ளை ஆகிய மூன்று பகுதிகளும் ஒட்டோ பூச்சோ இன்றி ஒரே கல்லாக இருந்ததை நானும் கீழே ஒப்பமிடும் முதலிரு சாட்சிகளும் கண்ணால் கண்டோம்.

3. பதினைந்தாம் தேதி நான் அனுப்பிய குறிப்பு இவ்விரண்டையும் மறைத்தது. அதற்காக என்மீது எடுக்கப்படும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன். இந்த வாக்குமூலத்தை எவர் கேட்டும் திரும்பப் பெற மாட்டேன்.

4. குழு வேலிக்குள் சென்று, பாறைப் பட்டையை அது இருக்கும் இடத்திலேயே, சுத்தியல் இல்லாமல் பார்வையிட வேண்டும். அறிக்கை எழுதிய அலுவலரும் உடன் செல்ல வேண்டும். நிறுவனம் வாயிலைத் திறக்க மறுத்தால், மறுப்பை எழுத்தில் தரும்வரை நான் அவ்வாயிலை விட்டு நகர மாட்டேன்.

(ஒப்பம்)
உன் அண்ணன், வழக்கறிஞர்

சாட்சிகள்:

1. கொத்தனார், அடித்தவர்.

2. தட்டச்சர் அம்மாள், கையில் ஏந்தியவர்.

3. உன் அண்ணி, உன் பிரதியில் மட்டும். கல்லைப் பார்த்ததில்லை. இதை எழுதி முடிக்கும்வரை என்னை நாற்காலியிலிருந்து எழ விடாதவர்.