மத்தியானச் சங்கும் மாத்திரைப் பெட்டியின் சாவியும்

என் தங்கையைக் கட்டிக்கொண்டு வந்து, தம்பி இல்லாத குறையை எனக்குத் தீர்த்துவைத்த மாப்பிள்ளை முனிரத்தினத்துக்கு,

நீ உயிரோடு இருந்தவரை உன்னை 'வாங்க, போங்க' என்றுதான் பேசினேன். தங்கை வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை அது. இன்று 'நீ' என்று எழுதினால்தான் எழுத வருகிறது. ஏற்கெனவே மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. என் தங்கை அம்சா இப்போதும் என்னோடுதான் இருக்கிறாள். கண்ணாடி போட்டிருக்கிறாள். நம் சுரங்கத் தொழிலாளர் லைனில் பாதி வீடுகளுக்குப் புதுக் கூரைத் தகடு போட்டாயிற்று. வாசகசாலை ஆண்டு மலருக்கு, மறைந்தவர்களில் ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். உன் கபடி ஆட்டத்தைப் பற்றி எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். உட்கார்ந்தால் வேறு விஷயம்தான் வருகிறது.

எனக்கும் முதுகு போய்விட்டது, மாப்பிள்ளை. வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீஸ் நாற்காலியில் முப்பது வருஷம் உட்கார்ந்தவனுக்கு என்ன வலி என்று நீ சிரிப்பாய். போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எலும்புகளுக்கு நடுவே தேய்ந்துவிட்டதாம். ராபர்ட்சன்பேட்டை டாக்டர் எழுதிக் கொடுத்தது உனக்குக் கொடுத்த அதே கோடீன் மாத்திரை. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தங்கச் சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கும்போது பாறை சரிந்து உன் முதுகில் விழுந்த வருஷத்தை நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் இருந்தவரை ஊசி. வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரை. பெரிய டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இது அபின் வகை. நாளாக ஆக உடம்பு இன்னும் கேட்கும். வேளைக்கு ஒன்று, அதற்கு மேல் கூடாது. அவர் கையில் கொடுக்காதீர்கள்" என்றார். வெளியே வந்து அம்சாவிடம் சொன்னேன். "நான் இளகிடுவேன் அண்ணா. நீயே வெச்சிக்கோ" என்றாள்.

அப்படித்தான் அந்தச் சின்னத் தகரப் பெட்டியும் பூட்டும் வந்தன. சாவி என் இடுப்புக் கயிற்றில். நாளுக்கு மூன்று ஷிப்ட். ஷிப்ட் மாறச் சுரங்கத்தின் சங்கு மூன்று தடவை ஊதும். ஊதினால் ஒரு மாத்திரை. டைம் ஆபீஸ் பக்கத்திலேயே இருந்ததால், மத்தியானம் இரண்டு மணிச் சங்குக்கு நான் சாப்பாட்டுக்கு வந்து திறந்து கொடுப்பேன். ஊருக்கே தெரிந்த நேரம் என்பதால் நமக்குள் சண்டை வராது என்று நினைத்தேன்.

சண்டை வரவில்லைதான். நீ கேலியிலேயே ஓட்டினாய். "இன்னா மச்சான், சங்கு ஊதறவனுக்கு இன்னிக்கு லீவா?" என்பாய். மலச்சிக்கல் வந்தபோது, "வலியும் போவல, வெளிக்கியும் போவல. ரெண்டும் உள்ளேயே குடித்தனம் பண்ணுதுங்க மச்சான்" என்று அம்சாவைச் சிரிக்கவைத்தாய். சில நாள் சங்குக்கு அரைமணி இருக்கும்போதே உன் கண் என் இடுப்பைப் பார்க்கும். "மாப்பிள்ளை, இன்னும் ஊதல" என்று சொல்லிவிட்டு நான் வாசலுக்குப் போய்விடுவேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

இனி, இத்தனை நாள் சொல்லாததைச் சொல்ல வேண்டும்.

அன்று காலை பத்து மணி இருக்கும். வீட்டுப் பாத்திரங்கள் உருளும்படி பூமி ஆடியது. கீழே பாறை வெடித்திருந்தது. நேரம் கெட்ட நேரத்தில் சங்கு விடாமல் ஊதியது. கீழே போகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை டோக்கன் உண்டு. எவன் டோக்கன் திரும்பவில்லையோ அவன் இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள். நான் டைம் ஆபீஸில் டோக்கன் பலகையின் முன் நின்று அதைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பெண்கள் ஆளுக்கொரு பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

மத்தியானச் சங்கு வழக்கம்போல் ஊதியது. என் காதில் விழுந்தது, ஆனால் பலகையை விட்டு நகர முடியவில்லை. அதே நேரம் நம் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் ஜன்னலுக்கு நேரே நின்றாள். அவள் மகன் மேலே வந்துவிட்டான் என்று சொன்னதும் கும்பிட்டாள். "நான் லைனுக்குத்தான் போறேன் சார், வூட்டுக்கு எதுனா சொல்லணுமா?" என்றாள்.

என் கை இடுப்புக்குப் போனது. கயிற்றின் முடிச்சை விரல் தொட்டது. சாவி அம்சா கைக்குப் போனால் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்துவிடுவாள், நாளைக்கு நீ மூன்று கேட்பாய் என்று நினைத்தேன். கையை எடுத்துவிட்டேன். "ஒண்ணும் இல்லம்மா, வர லேட்டாகும்னு சொல்லுங்க" என்றேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து சேர்ந்தேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, தோல் புல்லரித்து நின்றது. தலையணைத் துணியின் ஒரு மூலையைப் பல்லில் கடித்திருந்தாய். அதை எடுத்துவிட்டு நீ முதலில் கேட்டது மாத்திரையை அல்ல.

"எத்தினி பேர் மச்சான் இன்னும் கீழ?"

"ரெண்டு பேர்."

"எந்த லெவலு?"

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாய். நான் பெட்டியைத் திறந்தபடி, "சாவியை மறந்தே போயிட்டேன் மாப்பிள்ளை" என்றேன்.

"வுடுங்க மச்சான். அந்தக் கும்பல்ல எவனுக்கு ஞாபகம் இருக்கும்" என்றாய்.

நான் மறக்கவில்லை, முனிரத்தினம்.

அதன் பிறகு இரண்டு வருஷம் இருந்தாய். மார்புச் சளிதான் உன்னைக் கொண்டுபோனது, முதுகு அல்ல. அந்த இரண்டு வருஷத்தில் ஒருநாளும் சங்குக்கு முன்னால் நீ என் இடுப்பைப் பார்க்கவில்லை. உனக்குத் தெரிந்துவிட்டதா? கோவிந்தம்மாள் வந்து சொன்னபோது, அவளிடமே சாவியைக் கொடுத்தனுப்பியிருக்கலாமே என்று கணக்குப் போட்டுப் பார்த்தாயா? டாக்டர் சொன்ன முறை தவறு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் டாக்டர் வேளைக்கு ஒன்று என்றார். அந்த வேளைக்கு ஒன்றுகூட நான் கொடுக்கவில்லையே.

இப்போது என் கதையைக் கேள். அதே பெட்டியில் என் மாத்திரையை வைத்தேன். அதே சங்கு. முதல் மாதம் ஒழுங்காகப் போனது. பிறகு சங்குக்கும் சங்குக்கும் நடுவே நேரம் நீண்டுகொண்டே போயிற்று. இடுப்பில் தொடங்கும் வலி காலுக்கு இறங்கும். கொட்டாவி கொட்டாவியாக வரும். வாசலுக்குப் போய் நிற்பேன். அங்கும் அது கூடவே வரும்.

போன மாதம் அம்சாவிடம் பழைய நண்பர் ஒருவரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு பங்காருபேட்டைக்கு பஸ் ஏறினேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. அங்கிருந்த டாக்டர், வேறு எங்காவது மருந்து வாங்குகிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். வருகைப் புத்தகத்தில் ஒரு கோடு பொய்யாகப் போடாதவன், அவ்வளவு சுலபமாகச் சொன்னேன். அங்கே வாங்கிய மாத்திரைப் புட்டி என் பெரிய அகராதிக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டாம் தடவையும் போய் வந்துவிட்டேன்.

முந்தாநாள் அம்சா கீரை ஆய்ந்துகொண்டே, "இன்னா அண்ணா, சங்கு ஊதல, அதுக்குள்ள மூஞ்சி தெளிஞ்சிடுச்சே?" என்றாள். நான் தினத்தாளைப் புரட்டினேன். அவளும் மேலே கேட்கவில்லை. நம் வீட்டில் எல்லோரும் கேட்காமலே இருந்து பழகியவர்கள்.

அவளிடம் சொன்னால் எங்கே போய் முடியுமோ தெரியாது. நீ பட்ட அந்த நாலரை மணி நேரத்தை அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். என் பக்கம் திரும்பாமலே போய்விடலாம். அந்தப் பயத்தில்தான் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை.

அதனால்தான் இதை மலருக்குக் கொடுக்கிறேன். அச்சாகி வரப் பத்து நாள் ஆகும். அவள் மலரில் விளம்பரம்கூட விடாமல் படிப்பவள். அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டால் அது அன்றைக்குச் செய்ததைவிட மோசம். ஆகவே அதற்குள் என் வாயால் சொல்லியாக வேண்டும். என்னைப் போன்றவனை வேறு எப்படிக் கட்டிப்போடுவது, சொல்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். முதலில் சாவியைப் பற்றிச் சொல்வேன். பிறகு அகராதியை நகர்த்தி அந்தப் புட்டியை எடுத்து அவள் முன்னால் வைப்பேன். ராபர்ட்சன்பேட்டை டாக்டரிடம் பங்காருபேட்டையைப் பற்றிச் சொல்லி, எப்படிக் குறைப்பது என்று கேட்பேன். அவளும் கூட வந்தால் வரட்டும். பெட்டிச் சாவி இனி அவள் இடுப்பில். நேரத்துக்கு முன்னால் நான் கெஞ்சினால் கொடுக்க வேண்டாம். வாசலுக்குப் போகாமல், சங்கு ஊதும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியுமா என்று மட்டும் கேட்பேன். அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும்.

மத்தியானச் சங்கு ஊதுகிறது, மாப்பிள்ளை. பெட்டி பூட்டித்தான் இருக்கிறது. இடுப்பு முடிச்சை அவிழ்த்துவிட்டேன். அம்சா அடுப்படியில் இருக்கிறாள். கூப்பிடப் போகிறேன்.

சாவியை மறக்காத உன் மச்சான்,
அம்சாவின் அண்ணன்