நான் குடிக்காத பொடி

அன்புள்ள சின்னுவுக்கு,

நீ என்னை வைத்துப் பொய் எழுதிச் சம்பளம் வாங்கியிருக்கிறாய். முதலில் நலம் விசாரிக்க வேண்டும், அதுதான் முறை. நீ நன்றாகத்தான் இருப்பாய், நானும் உன் தம்பியும் இருக்கிறோம், உன் சித்திதான் ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

சர்க்கரை நோய்ப் பொடிக்கு நீ எழுதிய முழுப்பக்க விளம்பரத்தை அவள் பத்திரிகையிலிருந்து வெட்டி, லேமினேட் செய்து, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு நாங்கள் வேலை பார்க்கும் தையல் தொழிற்சாலை முழுக்கக் காட்டினாள். "எங்க அக்கா பொண்ணு எழுதினது, படிச்சுப் பாருங்கடி" என்று ஒரே பெருமை. நானும் படித்தேன். என் மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு, தையல் மிஷின் டிராயரில் நான் ஒளித்துவைக்கும் மிட்டாய், மாடி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்குவது, எல்லாம் உண்மை, ஒன்றுகூட விடவில்லை நீ. அத்தனை உண்மைக்கும் நடுவில், "இன்று அம்மா மாத்திரைகளை மறந்தே போனாள்" என்று ஒரு வரி. நான் இன்று காலைகூட இரண்டு மாத்திரை விழுங்கிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். அந்தப் பொடி என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது.

சித்தி மூன்று மாதமாக மாத்திரையைத் தொடவில்லை, எனக்குச் சொல்லவும் இல்லை. இப்போது வலது கால் கட்டைவிரல் கறுத்துவிட்டது. விரலை இப்போதே எடுத்தால் பாதம் மிஞ்சும், வெள்ளிக்கிழமைக்கு மேல் போனால் பாதமும் போகும் என்கிறார் டாக்டர். இவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள், இன்னும் இரண்டு டப்பா குடித்தால் சரியாகிவிடுமாம். நான் அந்தப் பொடியைக் குடித்ததே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். சிரிக்கிறாள். "கம்பெனிக்காரங்க வெளிய சொல்லக் கூடாதுன்னிருப்பாங்க, எனக்குத் தெரியாதாக்கா? சின்னு பொய் எழுதுமா?" என்று என்னையே கேட்கிறாள். பக்கத்துக் கட்டில்காரி வேறு அந்தப் பொடி எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறாள்.

நல்ல வரி ஒன்று பத்து விற்பனையாளருக்குச் சமம் என்று போன தடவை போனில் பீற்றிக்கொண்டாயே, ஒத்துக்கொள்கிறேன். ஒரு டாக்டர் நாலு வருஷம் தொண்டை வறளச் சொன்னதை நீ ஒரு பக்கத்தில் அழித்துவிட்டாய், அதற்குக் கண்ணாடியில் ஒரு பரிசு வேறு கொடுத்திருக்கிறார்கள். ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டால், நம் பேரைப் போடவில்லையே என்றாய். கீழே பொடி எழுத்தில் எச்சரிக்கை இருக்கிறது என்றாய். சர்க்கரையில் கண் மங்கியவளுக்கு அந்த எழுத்து தெரியுமா, அல்லது தெரியக் கூடாது என்றுதான் அவ்வளவு சின்னதாகப் போட்டீர்களா? எங்கள் தொழிற்சாலையில் பொத்தான் கோணலாக இருந்தால் சட்டையைத் திருப்பி அனுப்புகிறார்கள். உன் ஆபீசில் அத்தனை படித்தவர்கள் உட்கார்ந்துகொண்டு, உன் அம்மா உண்மையிலேயே குடித்தாளா என்று ஒருவர் கேட்கவில்லை. விற்றால் போதும், யார் கால் போனால் உங்களுக்கென்ன.

நேற்று நீ சித்தியிடம் போனில் பேசினாய், நான் பக்கத்தில்தான் இருந்தேன். "டாக்டர் சொல்றபடி கேளுங்க சித்தி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அவள் காத்திருந்தது அந்தப் பேச்சுக்கு இல்லை. "பார்த்தியா, பொடி வேண்டாம்னு அவ சொல்லவே இல்ல" என்றாள். வேலை போய்விடும் என்று பயப்படுகிறாய், புரிகிறது. வேலை போனால் வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது.

உன் கைப்பட எழுது. அம்மா குடிக்கவில்லை, நான்தான் பொய் எழுதினேன் என்று இரண்டு வரி போதும், நான் அவளுக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறேன். தபாலுக்கு நேரமில்லை, தம்பி இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவான்.

வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்தில் எழுதினாலும் உனக்கு நல்லதைத்தான் நினைக்கிறேன்.

உன் அம்மா

வியாழன், மதியம் மூன்று மணி. நேற்றிரவு அனுப்பிய மேலே உள்ளதைக் காலையிலேயே நீ படித்துவிட்டதாகத் தம்பி போனில் காட்டுகிறது. எழுதுடி.